தீவுக்கு வந்த அம்மா

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும் மென்பொருளை என் நிறுவனத்துக்குச் சிபாரிசு செய்தவன் நானேதான். அதுவும் சும்மா வாய்வார்த்தையாக இல்லை. பதினான்கு ஸ்லைடு தயார் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் நின்று, செயல்விளக்கம் காட்டி, கைதட்டலும் வாங்கினேன். கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

எங்களுடையது காரைக்காலில் ஒரு தனியார் நிறுவனம். வெளிநாடுகளில் கப்பல் அணையும் ஜெட்டி கட்டும் வேலைகளுக்கு ஆள் அனுப்புகிறோம். கிரேன் ஓட்டுபவர், வெல்டர், பளுவைக் கட்டி சிக்னல் கொடுக்கும் ரிக்கர் என்று பல வகை. எங்கள் ஆட்கள் போகும் இடங்கள் வரைபடத்தில் தேடினால் முதல் பார்வையில் தூசி என்று தோன்றும். துடைத்துப் பார்த்துப் போகாவிட்டால்தான் தீவு என்று தெரியும். நான் பணியாளர் நலப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம், “சார், உங்க அனுபவத்துல ஏதாச்சும் சொல்லுங்க” என்று கேட்கிறார்கள். அனுபவம் என்று எதைச் சொல்கிறோமோ அது பெரும்பாலும் நாம் செய்த முட்டாள்தனத்தின் பட்டியல்தான். என் பட்டியலில் முதலிடத்தில் இருப்பதைச் சொல்கிறேன்.

1. ஒரே ஒரு டாக்டர்

முன்பெல்லாம் எங்கள் மருத்துவ வசதி என்பது ஒரு போன் நம்பர். தீவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அவர் ஒரு முனையில், வடக்கே ஏதோ ஊரில் ஒரு பொது மருத்துவர் மறுமுனையில், நடுவில் காரைக்காலில் நான். ஆள் தமிழில் சொல்வார், நான் ஆங்கிலமாக்குவேன், டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வார், நான் தமிழாக்குவேன். நல்ல மனிதர் அந்த டாக்டர். கண் வலி என்றாலும் கால் வலி என்றாலும் “காய்ச்சல் இருக்கிறதா?” என்றுதான் ஆரம்பிப்பார். அதற்கு மேல் போனால், “ஸ்பெஷலிஸ்ட்டிடம் காட்டச் சொல்லுங்கள்” என்பார். பதினைந்து நாளுக்கு ஒரு முறை சாமான் படகு வரும் தீவில் ஸ்பெஷலிஸ்ட் எங்கே இருப்பார்? காட்ட வேண்டுமானால் படகேறி ஊருக்கு வர வேண்டும். வந்தால் அந்தப் பணி போச்சு.

ஆகவே, இனி இருதயம், எலும்பு, தோல், கண், மனநலம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி மருத்துவர், அதுவும் வீடியோவில் நேருக்கு நேர் என்று நிறுவனம் முடிவு செய்தபோது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மனிதன் கடல் நடுவே ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு, தன் நெஞ்சுப் படபடப்பை ஒரு இருதய நிபுணரிடம் காட்டலாம் என்றால் அது சின்ன விஷயமா? அந்த வாரம் முழுவதும் கோவில்பத்திலிருந்து ஆபீசுக்கு நான் வண்டி ஓட்டிய வேகத்தைப் பார்த்து, “யாருக்காச்சும் உடம்பு சரியில்லீங்களா சார்?” என்று டீக்கடைக்காரர் கேட்டார். “இனிமே யாருக்கும் கவல இல்ல” என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார்.

2. மணியான தமிழ்

உற்சாகம் அளவு மீறியபோதுதான் அந்த மென்பொருள் என் கண்ணில் பட்டது. ஒருவர் தமிழில் பேசினால் மறுமுனையில் ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னால் தமிழில் ஒலிக்கும். நான் அதை ஆபீசே கூடியிருக்க, எங்கள் பொது மேலாளர் சுகந்தி மேடம் முன்னால் இயக்கிக் காட்டினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, “வணக்கம் மருத்துவரே, கடந்த இரண்டு நாட்களாக எனக்கு வயிற்றில் வலி உள்ளது. உணவு உட்கொண்ட பின்னர் அது அதிகரிக்கிறது” என்றேன். எழுத்துப் பிசகாமல் ஆங்கிலம் வந்தது.

காரைக்காலில் வயிற்று வலி வந்த எவரும் இப்படிப் பேசியதில்லை என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை. நிறையப் புத்தகம் படிப்பதில் உள்ள தொல்லை இதுதான். வலி வந்தால்கூட அச்சுக் கோத்தது போலத்தான் கத்தத் தோன்றும்.

சுகந்தி மேடம் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்ப ராஜமாணிக்கம், நடுவுல நீங்க எதுக்கு?”

“தேவையில்ல மேடம்” என்றேன் பெருமையாக.

கைதட்டல் அப்போதுதான் எழுந்தது.

சேவை தொடங்குமுன் எல்லா முகாம்களுக்கும் ஒரு சர்க்குலர் அனுப்பினேன். ஆறு பாயிண்ட். மூன்று நாள் உட்கார்ந்து செதுக்கியது. நேரம் தவறாமை, கேமராவை எங்கே வைப்பது, பின்னால் ஈரத்துணி தொங்கக் கூடாது என்று எல்லாம் அதில் உண்டு. வாட்ஸ்அப்பில் போட்டு, முகாம்களில் அச்சடித்து ஒட்டவும் செய்தோம். முதல் வாரம் முடிந்ததும் இருதய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்கள் ஆட்கள் எல்லோரும் முகம் வெளுத்திருக்கிறார்களே, ரத்தசோகை பரிசோதனை செய்தீர்களா?” என்று கேட்டார். பார்த்தால் அத்தனை பேரும் கல்யாண வரவேற்புக்குப் போவது போல முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். “கேமரா வெளிச்சம் டாக்டர்” என்று சமாளித்தேன். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

3. முட்டி டாக்டர்

கலியபெருமாள் எங்கள் ஊர்க்காரர். கோவில்பத்தில் என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. குடும்பத்துக்குக் கொஞ்சம் நெல் வயல் உண்டு. அவர் பல வருஷமாக ரிக்கர். நாற்பத்தொன்பது வயது. தலையில் முடி என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அதற்கும் சேர்த்து வளர்த்ததோ என்னவோ, மீசை மட்டும் கிருதாவைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அந்த மீசையைத் தடவாமல் அவர் ஒரு பளுவுக்கும் சிக்னல் கொடுத்ததில்லை என்பார்கள்.

அவருக்கு நெடுநாள் முட்டி வலி. எலும்பு நிபுணருக்குப் பதிவு செய்தோம். டாக்டர் வந்ததும் செய்த முதல் காரியம் கேமராவைக் கீழே இறக்கச் சொன்னதுதான். பிறகு பன்னிரண்டு நிமிஷமும் அவர் பார்த்தது முட்டியை மட்டும். நடக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார், இரண்டு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அடுத்த நாளே வலி பாதியாகிவிட்டது. நான் அதை ‘ஒரு முட்டியின் வெற்றி’ என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன்.

கலியபெருமாள் போனில் கூப்பிட்டார். குரலில் ஏனோ ஒரு வருத்தம்.

“சார், அந்த டாக்டரு நம்ம மூஞ்சியப் பாக்கவே இல்லியே.”

“முட்டி டாக்டர் முட்டியத்தானே கலியபெருமாள் பாப்பாரு.”

“அதுக்கில்ல சார்… சரி விடுங்க.”

விட்டுவிட்டேன்.

4. முத்துக்கள்

அதற்கடுத்த புதன்கிழமை காலை கம்ப்யூட்டரைத் திறந்தால் கலியபெருமாள் பெயர் சிவப்பில் இருந்தது. முந்தைய நாள் மாலை அவரை மனநல மருத்துவர் பார்த்திருக்கிறார். கீழே முகாம் மேலாளரின் குறிப்பு: ‘வேலைக்குத் தகுதியில்லை. வெள்ளிக்கிழமைப் படகில் திருப்பி அனுப்பவும்.’

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முட்டிக்கும் மனதுக்கும் என்ன சம்பந்தம்? பேச்சின் பதிவைத் திறந்தேன். டாக்டர் வடநாட்டவர், தமிழ் தெரியாது. கேள்வி அவருடையது, பதில் கலியபெருமாளுடையது, ஆங்கிலமாக்கியது என் மென்பொருள். ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே தமிழில் தருகிறேன்.

‘உங்களுக்கு என்ன பிரச்சினை?’
‘என் தாயார் வந்திருக்கிறார்.’
‘தீவுக்கா?’
‘என் முகத்துக்கு.’
‘எப்போது வந்தார்?’
‘ஞாயிற்றுக்கிழமை. முத்து முத்தாக அணிவித்திருக்கிறார்.’
‘செவிலியர் கொடுத்த மாத்திரையை ஏன் விழுங்கவில்லை?’
‘தாயார் கோபித்துக்கொள்வார்.’
‘இப்போது என்ன செய்யப்போகிறீர்கள்?’
‘அவரைக் குளிர வைக்க வேண்டும். மூன்று தண்ணீர் ஊற்றினால் போய்விடுவார்.’

நம் ஊர்க்காரர் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. “அம்மா வந்திருக்காங்க சார், மூஞ்சியெல்லாம் முத்து முத்தா போட்டிருக்கு” என்று மனிதர் அம்மை போட்டிருப்பதைச் சொல்லியிருக்கிறார். அம்மை இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதைச் சொல்லியிருக்கிறார். மென்பொருள் ஒவ்வொரு சொல்லையும் சரியாகத்தான் மொழிபெயர்த்திருந்தது. கூட்டிப் பார்த்தால்தான் பைத்தியம்.

டாக்டரைக் குறை சொல்ல முடியாது. அவர் பொறுப்பாகப் பணிப் பதிவேட்டையும் திறந்து பார்த்திருக்கிறார். அதில் ‘தாயார்: காலமானார்’ என்று இருந்தது. பூர்த்தி செய்தது என் கை. போதாக்குறைக்கு, அவரை மனநலத்துக்கு அனுப்பிய முகாம் செவிலியர் எஸ்தரின் குறிப்பு வேறு. எஸ்தர் அந்தப் பக்கத்துப் பெண், ரொம்பக் கெட்டிக்காரி, ஆனால் தமிழ் தெரியாது; அவளுக்கும் அதே மென்பொருள்தான். அந்தத் தீவில் கலியபெருமாளோடு சேர்த்து நான்கு தமிழ் ஆட்கள், ஒரே அறை. அம்மா என்றதும் மற்ற மூவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வேறு அறைக்கு மாறிவிட்டார்கள். எஸ்தர் எழுதியிருந்தது: ‘முகத்தில் வீக்கம். மாத்திரை மறுக்கிறார். உடன் தங்கியிருந்த மூவரும் தாயார் வந்திருப்பதை உறுதி செய்கிறார்கள். அவருக்கு இடம் விட்டு அறையைக் காலி செய்துவிட்டார்கள்.’

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். பாதியில் கடைசி வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ‘மாயத் தோற்றம் இருக்கலாம் என்ற சந்தேகம். நேரில் பரிசோதிக்கும்வரை கிரேன் அருகே அனுமதிக்க வேண்டாம்.’

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு இந்த வரியின் கனம் தெரியாது. முட்டி வலி என்று திரும்பி வந்தவன் அடுத்த வருஷம் வேறு முகாமுக்குப் போகலாம். தலைக்கு மேல் பளு ஆடுகிற இடத்தில் மனநலச் சந்தேகம் என்று ஒரு முறை பதிவாகி, அதன் பேரில் படகேற்றியும் விட்டால், பிறகு எந்த முகாமும் அவனைத் தொடாது. கலியபெருமாள் வெள்ளிக்கிழமைப் படகில் ஏறினால் ரிக்கர் கலியபெருமாள் அத்தோடு முடிந்தார். படகுப் பட்டியலை முகாம் மேலாளர் வியாழன் பகல் பன்னிரண்டுக்கு மூடுவார்.

சுகந்தி மேடத்திடம் ஓடினேன். முழுவதையும் கேட்டார்.

“ராஜமாணிக்கம், இத நீங்க முகாமுக்கு விளக்கிச் சொன்னா போதாதா?”

“சொன்னேன் மேடம். ‘நீ டாக்டரா?’ன்னு கேக்குறாரு.”

“நியாயமான கேள்விதானே. நாளைக்கே தோல் டாக்டரப் பாக்கச் சொல்லுங்க. அவங்க எழுதிக் கொடுத்தாத்தான் நிக்கும்.” பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார். “அந்த மெஷினு இருந்தா நடுவுல ஆளே வேண்டாம்னு சொன்னது யாரு?”

நேராகப் போய்த் தோல் டாக்டருக்குப் பதிவு செய்தேன்.

5. வேப்பிலை

கலியபெருமாள் போனை எடுக்கவில்லை. எஸ்தர் அனுப்பியிருந்த புகைப்படம் பாதியில் நின்றுபோய், நெற்றி மட்டும் வந்திருந்தது. நெற்றியில் விபூதி. சரி, வீட்டுக்காவது சொல்வோம் என்று போனேன். அவருக்கு மாத்திரை வேண்டாம் என்று சொன்னது யாராக இருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் இருந்தது.

வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அவர் மனைவி செல்வராணி எட்டிப் பார்த்தார்.

“செருப்ப வெளியவே விட்டுட்டு வாங்கண்ணே. வீட்ல அம்மா இருக்காங்க.”

“தங்கச்சி, அம்மா அவருக்குத்தானே? அவரு அங்கல்ல இருக்காரு?”

“அவருக்கு வந்தா என்ன, எனக்கு வந்தா என்ன. வீடு ஒண்ணுதானேண்ணே.”

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் முகத்தைப் பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்துவிட்டதாம். அன்றிலிருந்து வீட்டில் தாளிப்பது இல்லை, எண்ணெய் காய்வது இல்லை, செருப்புப் போடுவது இல்லை. மாத்திரை, ஊசி எதுவும் கூடாது என்று கணவருக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் மெல்ல விஷயத்தைச் சொன்னேன். மனநல டாக்டர் என்ற இடம் வந்ததும் அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

“பைத்தியம்னு எழுதிட்டாங்களாண்ணே?”

“அப்படி எழுதலம்மா. சந்தேகம்னுதான்.”

“சந்தேகம்னு எழுதுனா, படிக்கிறவன் என்னன்னு படிப்பான்?”

நான் சர்க்குலர் எழுதுகிறவன். ஒரு சொல்லை எப்படிப் படிப்பார்கள் என்று எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை.

“தோல் டாக்டர் பாத்து இது அம்மைதான்னு சொல்லிட்டாலும் போதும். அம்மைன்னா மனசுல ஒண்ணும் இல்லன்னு ஆயிடும். அவரு போன எடுக்க மாட்டேங்கிறாரு.”

“நாந்தாண்ணே யார்ட்டயும் பேச வேணாம்னேன்.” வாசல் வேப்பிலையை எடுத்துச் சரியாகச் செருகினார். “டாக்டரு ஊசி போடுவாங்களா?”

“இங்கேருந்து எப்படிம்மா போடுவாங்க? பாக்கத்தான் போறாங்க.”

“பாக்கட்டும். அம்மாவ யாரு வேணா பாக்கலாம். நானும் வர்றேன்.”

6. நாலாவது பாயிண்ட்டு

வியாழன் காலை பதினொரு மணி. என் மேஜை முன்னால் செல்வராணி, வெறுங்காலோடு. திரையில் ஒரு கட்டத்தில் தஞ்சாவூரிலிருந்து தோல் டாக்டர் நசீமா. மெலிந்த அம்மையார், அதிகம் பேசமாட்டார், பேசினால் வெட்டொன்று துண்டு இரண்டு. இன்னொரு கட்டம் இருட்டு. நெட்வொர்க் வந்தது, போனது. எஸ்தரின் காது வந்தது, போனது. பதினொன்று இருபதுக்குத்தான் கலியபெருமாள் முகம் வந்தது.

செல்வராணி வாயைப் பொத்திக்கொண்டார். கண் இரண்டும் வீங்கிச் சிறுத்துப் போயிருந்தன. மேலுதடு பொரிப் பொரியாக, நீர் கோத்து, மனிதர் அடையாளமே மாறியிருந்தார்.

மென்பொருளை அணைத்துவிட்டேன். டாக்டர் நேரடியாகவே பேசினார்.

“மூச்சு வாங்குதா? தொண்ட அடைக்குதா?”

“இல்லீங்க.”

“கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. காய்ச்சல்?”

“இல்லீங்க டாக்டரம்மா.”

“சட்டையக் கழட்டுங்க. திரும்புங்க. முதுகுல ஒண்ணுமில்ல. வயித்துல? ஒண்ணுமில்ல. ம். மறுபடி மூஞ்சி. பக்கவாட்டுல.” டாக்டர் தன் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். “மூக்குக்குக் கீழ இருக்கு. அங்கேருந்து கோடு புடிச்ச மாதிரி கிருதாவுக்குப் போவுது. நெத்தியில இல்ல. மீசை எங்க இருக்கோ அங்கதான் இருக்கு. மீசைக்கு என்ன போட்டீங்க?”

“ஒண்ணும் போடலீங்க.”

“டை அடிச்சீங்களா?”

“சேச்சே. இல்லீங்க.”

டாக்டர் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார். மணி பதினொன்று முப்பது. என் வயிறு கலங்கியது. வயிற்றில் வலி உள்ளது மருத்துவரே என்று சொல்லத் தோன்றவில்லை. அப்போது செல்வராணி நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் வந்தார். இத்தனை நாளாக உள்ளங்கை அகலப் போனில் பார்த்த முகத்தை முதன்முறையாகப் பெரிய திரையில் பார்க்கிறார்.

“ஏங்க, ஒங்க மீசை எப்படிக் கருப்பாச்சு?”

மறுமுனையில் கலியபெருமாளின் கை மீசையை மறைத்தது.

“கெளம்புறப்ப உப்பும் மொளகுமா கலந்துல்ல இருந்துச்சு?”

“அது… இங்க வெயிலு ஜாஸ்தி.”

“வெயில்ல வெளுக்கத்தான் செய்யும். கருக்குமா?”

எஸ்தருக்கு மொழி புரியாவிட்டாலும் விசாரணை புரிந்துவிட்டது போல. அவள் கலியபெருமாளை ஒரு மாதிரி பார்த்தாள்.

“தம்பி கல்யாணத்துக்கு அடிச்சப்பவே ஒரு வாரம் அரிச்சுக்கிட்டு கெடந்தீங்கல்ல?” செல்வராணி டாக்டரிடம் திரும்பினார். “இவருக்கு அது ஆவாதுங்க டாக்டரம்மா.”

“அதான் விஷயம்” என்றார் டாக்டர். “போன தடவ அரிச்சுச்சு. இந்தத் தடவ வீங்கிடுச்சு. அடுத்த தடவ அடிச்சா ஆஸ்பத்திரிதான். ஏங்க, ஆவாதுன்னு தெரிஞ்சும் தீவுல போயி யாருக்காக அடிச்சீங்க?”

கலியபெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். வழுக்கைதான் திரை முழுக்கத் தெரிந்தது.

“நானா ஒண்ணும் அடிக்கலீங்க. சர்க்குலர்ல போட்டிருந்துச்சு. முட்டி டாக்டரப் பாக்குறதுக்கு முன்னாடி அடிச்சேன்.”

“எந்த சர்க்குலர்?”

“நாலாவது பாயிண்ட்டுங்க.” அவர் அதை மனப்பாடம் செய்திருந்தார். “சிறப்பு மருத்துவர் முன் தோன்றும் பணியாளர், முகம் திருத்தி, இளமையும் பொலிவும் தோன்ற வர வேண்டும். உங்கள் முகமே நிறுவனத்தின் முகம்.”

“இத எழுதுன மகானுபாவன் யாரு?” என்றார் டாக்டர்.

காலையிலிருந்து விட்டு விட்டு வந்த நெட்வொர்க் அந்த ஒரு நிமிஷம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. திரையில் இருந்தவர்களும் பக்கத்தில் இருந்த செல்வராணியும் என்னையே பார்த்தார்கள்.

“நான்தாங்க” என்றேன். அந்த மூன்று நாள் செதுக்கலில் நான் மிகவும் ரசித்த வாக்கியம் அதுதான்.

டாக்டர் மேற்கொண்டு என்னோடு நேரத்தை வீணாக்கவில்லை. எஸ்தரிடம் ஆங்கிலத்தில் மாத்திரை, களிம்பு எல்லாம் வரிசையாகச் சொன்னார்; எல்லாம் முகாமிலேயே இருந்தன. மூச்சுத் திணறினால் உடனே கூப்பிட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். பிறகு தமிழில், “மீசைய எடுத்துடுங்க” என்றார்.

“டாக்டரம்மா, மீசைய எடுக்காம வேற ஏதாச்சும் வழி…”

“படகு இருக்கு” என்றேன் நான்.

“எடுங்க” என்றார் செல்வராணி. “மாத்திரையும் முழுங்குங்க. அம்மா இல்லன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. அப்படியே இருந்தாலும் நான் இங்க கும்புட்டுக்குறேன்.”

பதினொன்று நாற்பத்தைந்து. டாக்டர் நசீமா இரண்டு வரி எழுதிப் போட்டார்: முடிச்சாயத்தால் வந்த ஒவ்வாமை, தொற்றாது, ஒரு வாரம் ஓய்வு, பிறகு வேலை பார்க்கலாம். நான் மனநல டாக்டரைப் போனில் பிடித்து, மாரியம்மனையும் முத்தையும் தண்ணீர் ஊற்றுவதையும் என் வாழ்நாளிலேயே வேகமான ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் சிரித்தார், பிறகு நிதானமாக இரண்டு கேள்வி கேட்டார், தன் குறிப்பை அங்கேயே மாற்றினார். அந்த வரியை நான் சட்டம் போட்டு மாட்டாத குறை: ‘நோயாளி குறிப்பிட்ட தாயார் ஒரு தெய்வம் என விளக்கப்பட்டது. மனநலக் கோளாறு இல்லை.’

முகாம் மேலாளர் போனை எடுக்கவில்லை. பன்னிரண்டுக்கு ஆறு நிமிஷம். எஸ்தர் இரண்டு தாளையும் அச்சடித்து எடுத்துக்கொண்டு திரையிலிருந்து காணாமல் போனாள். தகரக் கொட்டகைக் கதவு அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று பேர், செல்வராணி, நான், திரையில் கலியபெருமாள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். எஸ்தர் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, ஒரு காகிதத்தைக் கேமரா முன் பிடித்தாள். படகுப் பட்டியல். கலியபெருமாள் பெயரின் மேல் தடிமனாக ஒரு கோடு.

செல்வராணி எழுந்து சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

“அப்ப அஞ்சு நாளா நான் தாளிக்காம சாப்புட்டது ஒங்க சர்க்குலருக்காண்ணே?”

7. பாடம்

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் பாடம் இதுதான். டாக்டர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், திரை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், ஆள் தன் சொந்த முகத்தோடும் சொந்தப் பேச்சோடும் வந்தால்தான் வைத்தியம். இரண்டில் எதை அழகுபடுத்தினாலும் வீங்கும். ஆறு பாயிண்ட் சர்க்குலரைத் திரும்பப் பெற்று, ஒரே வரியில் புதியது போட்டேன்: ‘இருக்கிறபடி வாருங்கள், வீட்டில் பேசுவதுபோலப் பேசுங்கள்.’ சுகந்தி மேடம் படித்துவிட்டு, “இத எழுத எத்தன நாளாச்சு?” என்றார். மென்பொருளை மருந்துப் பட்டியல் மொழிபெயர்க்க வைத்துக்கொண்டோம். பேச்சுக்கு நடுவில் மறுபடி நான். கிறுகிறுப்பு, பொருமல், கடுப்பு, கொடச்சல் என்று நம் ஆட்கள் சொல்லும் சொற்களைத் திரட்டி டாக்டர்களுக்கு ஒரு சிறு அகராதியே செய்து கொடுத்திருக்கிறேன்.

சேவை இப்போது எங்கள் எல்லா முகாம்களுக்கும் போய்விட்டது. காது, மூக்கு, தொண்டை நிபுணரும் வந்துவிட்டார். ஒவ்வொரு முறை அந்த இருட்டுக் கட்டத்தில் ஒரு முகம் தெளிந்து வரும்போதும் எனக்கு இன்னும் அதே பரபரப்புதான். கலியபெருமாளும் அதே தீவில்தான் இருக்கிறார். மீசை மறுபடி வளர்ந்துவிட்டது, உப்பும் மிளகுமாக.

போன மாதம் அதே தீவில் ஒரு வெல்டருக்குக் காது வலி. டாக்டர் வருவதற்குள் விவரம் சேகரிப்போம் என்று எஸ்தரைக் கூப்பிட்டேன். ஆங்கிலத்தில் தொடங்கியதும் அவள் நிறுத்தினாள். “தமிழ்ல சொல்லுங்க சார்” என்றாள். இந்த ஒரு வருஷத்தில் அந்த நான்கு பேரோடும் பழகிப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “மிக்க மகிழ்ச்சி எஸ்தர். நோயாளிக்கு எப்போதிலிருந்து செவியில் வலி ஏற்பட்டுள்ளது?” என்று கேட்டேன்.

அவள் காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

“நீங்க பேசுறது ஒண்ணும் வெளங்கல சார்” என்றாள். “செத்த இருங்க, கலியபெருமாள் அண்ணன கூப்புடுறேன். அவரு தமிழ்ல சொல்லுவாரு.”